ஓவன் இல்லாதவர்கள் கண்டுபிடித்த பலகாரம்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். "டீச்சர், பாப்பா யூடியூப்ல பாத்துட்டு பழம் போட்ட காப்ளர் வேணும்னு ஒரே அடம். அதுக்கு ஓவன் வேணுமாம். இ.எம்.ஐ.ல ஒண்ணு எடுத்துடலாமான்னு பாக்கறேன்" என்றாள். எடுக்காதே என்றேன். ஏன் என்று சொல்வதற்குள் அவளுக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், வகுப்பில் பொறுத்துக்கொண்ட மாதிரி பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்ளர் என்பது அமெரிக்கப் பலகாரம். இங்கிலாந்திலிருந்து அங்கே குடியேறியவர்களுக்குத் தங்கள் ஊர் புட்டிங்கும் பையும் செய்ய ஆசை. ஆனால் செங்கல் அடுப்பும் இல்லை, ஊரில் கிடைத்த சாமான்களும் இல்லை. கையில் இருந்தது இரும்புப் பானை, திறந்தவெளி நெருப்பு, கிடைத்த பழம், கொஞ்சம் மாவு. பழத்தைப் பானையில் போட்டு மாவால் மூடி வேகவைத்தார்கள். 1839இல் லெட்டிஸ் பிரையன் என்ற அம்மையார் கென்டக்கி மாநிலத்து இல்லத்தரசிகளுக்காக ஒரு சமையல் புத்தகம் எழுதினார். அதில் பீச் பழக் காப்ளரைச் சொல்லும்போது, விருந்தாளிக்கு வைக்கும் அளவுக்கு நாகரிகமானது அல்ல, ஆனால் வீட்டாருக்கு அருமையானது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த அம்மையாரை ரொம்பப் பிடித்துவிட்டது.

(செருப்பு தைப்பவரை ஆங்கிலத்தில் சொல்லும் சொல்தானே இது என்று கேட்பீர்கள். பெயர் வந்த கதை பலவிதம். மேலே மாவு மேடும் பள்ளமுமாக, கல் பாவிய தெரு போல இருப்பதால் வந்தது என்பவர்களும் உண்டு.)

அந்த இரும்புப் பானைக்கு அங்கே 'டச்சு ஓவன்' என்று பெயர். மூன்று கால், விளிம்பு வைத்த கனமான மூடி. கீழே தணல், மூடி மேலும் தணல். டச்சு என்றதும் நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பழவேற்காடு நினைவுக்கு வரவேண்டும். 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள் அவர்கள்தான். உங்களைச் சுற்றுலா அழைத்துப்போய்க் காட்டிய டச்சுக் கல்லறைகள் ஞாபகம் இருக்கிறதா? பழவேற்காட்டுக்கும் இந்தப் பானைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் பெயர்க் காரணம் சுவையானது. ஆபிரகாம் டார்பி என்ற ஆங்கிலேயர் 1704இல் ஹாலந்து போய், அங்கே உலோகத்தை மணல் அச்சில் வார்ப்பதைப் பார்த்துவந்தார். அதே முறையில் இரும்புப் பானை வார்க்க 1707இல் காப்புரிமை வாங்கினார். பானை மலிவானது, சாதாரண வீடுகளுக்கும் வந்தது. டச்சுப் பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான் என்பார்கள். தொழிற்புரட்சிப் பாடத்தில், 1709இல் கல்கரியைக் கொண்டு இரும்பு உருக்கியவர் என்று நீங்கள் படித்த அதே டார்பிதான். கும்மிடிப்பூண்டியில் பவுண்டரி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு மணல் அச்சைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, இது சீக்கிரம் செய்யும் பலகாரமானது எப்படி? மாவு உப்ப ஈஸ்ட் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில், 1843இல் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேயர் பேக்கிங் பவுடர் தயாரித்தார். அவர் மனைவிக்கு ஈஸ்டும் முட்டையும் ஒத்துக்கொள்ளாது. காத்திருக்கும் வேலை போயிற்று. நம் வீட்டிலும் இதே கதைதான். ஆப்பமாவுக்குக் கள் விட்டுப் புளிக்கவைத்த இடத்தில் ஒரு சிட்டிகை சோடா வந்து உட்கார்ந்தது. அதற்கு 'ஆப்ப சோடா' என்றே பெயர் வைத்துவிட்டோம்.

மூடி மேல் தணல் போடுவதும் நமக்குப் புதிதல்ல. பிரியாணிக்குத் தம் போடுவது அதுதானே? நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் டிசம்பரில் பெரிய பாத்திரத்தில் மணல் பரப்பி, உள்ளே கேக் வைத்து, மூடி மேல் தணல் அள்ளிப்போடும். வாசனைக்கே தெருப் பிள்ளைகள் கூடிவிடுவோம். கேஸ் அடுப்பு வந்ததும் புகை போயிற்று, பெண்களின் கண்ணும் நெஞ்சும் பிழைத்தன. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்படமாட்டேன். ஆனால் தணலோடு மேலிருந்து வரும் சூடும் போய்விட்டது. அந்த இடத்தைத்தான் இப்போது ஓவன் கம்பெனிக்காரன் நமக்கு விற்கிறான்.

சரி, செய்முறை. ஊத்துக்கோட்டைப் பக்கத்து ருமானியோ பங்கனபள்ளியோ, சீசனில் விலை இறங்கியிருக்கும்போது மூன்று பழம் வாங்குங்கள். தோல் நீக்கி நறுக்கினால் இரண்டு டம்ளர் வரும். இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பிசறி வையுங்கள். மைதா ஒரு டம்ளர், சர்க்கரை முக்கால் டம்ளர், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சிட்டிகை உப்பு, பால் ஒரு டம்ளர். கட்டியில்லாமல் கரையுங்கள். முட்டை வேண்டாம்.

பழைய குக்கரிலோ கனமான சட்டியிலோ இரண்டு விரல் உயரம் உப்பு அல்லது சலித்த மணல் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். குக்கரானால் கேஸ்கட்டும் வெயிட்டும் கட்டாயம் கழற்றியிருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக்கூடாது. வேறொரு பாத்திரத்தில் 50 கிராம் வெண்ணெயை உருக்கி, அதன்மேல் மாவை ஊற்றி, மாவின்மேல் பழத்தைப் போடுங்கள். கிளறவே கூடாது. பழம் கீழே இறங்கும், மாவு தானாக மேலே எழும்பி வரும். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டவேண்டிய இடம் அதுதான். பாத்திரத்தை உள்ளே வைத்து, சிறுதீயில் முக்கால் மணி நேரம். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக்கூடாது.

மேலே தணல் இல்லாததால் வீடியோவில் வருவது போல் பொன்னிறமாகச் சிவக்காது, வெளிறித்தான் இருக்கும். ருசியில் குறையில்லை. எசன்ஸ் வாங்கவேண்டாம், இரண்டு ஏலக்காய் தட்டிப்போட்டால் போதும். சூடாகவே சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் அடியில் சாறு ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும்.