ஐதராபாத் மாநகராட்சியும் நம் வாக்கும்

தெருவிளக்கும் குப்பை அகற்றலும் மாநகராட்சியின் பொறுப்பு. அதை நடத்துவோரைத் தேர்ந்தெடுப்பது நம் பொறுப்பு.

முதலாம் சாலார் ஜங் திவானாயிருந்த காலத்தில், 1869-இல், இந்நகரில் நகராட்சி இலாகா தோன்றியது. ஆயினும் முதல் தேர்தல் 1934-இலேதான் நடைபெற்றது. 1950-இல் ஐதராபாத்துக்கும் சிகந்தராபாத்துக்கும் தனித்தனி மாநகராட்சிகள் ஏற்பட்டன. 1960-இல் இரண்டும் ஒன்றாயின. 2007-இல் சுற்றிலுமிருந்த 12 நகராட்சிகளும் 8 ஊராட்சிகளும் சேர்ந்து பெருநகர மாநகராட்சி உருவாயிற்று.

2020 டிசம்பரில் 150 வார்டுகளுக்கு நடந்த தேர்தலில் வாக்களித்தோர் பாதிக்கும் குறைவே.

ஊருக்குச் செல்லும் வண்டியில் இடம் பதிய மாதக்கணக்கில் முந்துகிறோம். வாக்காளர் பட்டியலில் நம் பெயர் உளதா என்று பார்ப்பதில்லை. பிழைக்க வந்த ஊரென்று ஒதுங்கலாமோ? 65 ஆண்டுகள் காத்துக் கிடைத்த உரிமையன்றோ இது!