தட்டைப்பயறு எந்த ஊருப் பயிருங்க?

வேலியோரம் கொடித்தட்டை பறிச்சிட்டு இருந்தப்ப மகள் வயித்துப் பேரன் கேட்டான், "அப்புச்சி, இது எந்த ஊருக் காய்?" நம்மூருதான்டான்னு சொல்லிட்டேன். அது தப்புங்க.

தட்டைப்பயறு பொறந்தது ஆப்பிரிக்கா. கானா நாட்டுல பழைய குடியிருப்புகளைத் தோண்டினப்ப, 3500 வருசத்துக்கு முந்தின கரிஞ்ச தட்டைப்பயறு கிடைச்சிருக்கு. சோளமும் கம்பும் கூட அங்கிருந்து வந்ததுதான். நாம மானாவாரிக் காட்டுல சோளத்துக்குள்ள தட்டை விதைக்கிறோமே, அதையேதான் அந்தப் பக்கத்து விவசாயியும் இன்னைக்கு வரைக்கும் பண்றாங்க. பயறு மனுசனுக்கு, கொடி மாட்டுக்கு, வேர் முடிச்சு மண்ணுக்கு. சாண் நீளக் காய் முழ நீளத்துக்கு வந்தது மட்டும் நம்ம ஆசியாக்காரங்க கைவேலை.

அமெரிக்காவுக்கு இது போன கதைதான் மனசை என்னமோ பண்ணுது. ஆப்பிரிக்க சனங்களைப் பிடிச்சு ஏத்திட்டுப் போன அடிமைக் கப்பலோட போச்சு. அங்க அந்தச் சனங்க தங்களுக்குன்னு கிடைச்ச துண்டு நிலத்துல இதைப் போட்டு வயித்தைக் கழுவுனாங்க. எசமானுங்க இதை மாட்டுத் தீவனமா பார்த்தாங்க; இங்கிலீசுல பேரே 'மாட்டுப் பயறு'தான். இலங்கைத் தமிழருங்க அந்த இங்கிலீசுப் பேரையே கௌபின்னு சொல்றாங்க. அடிமையா பொறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896ல அலபாமாவுல டஸ்கீகி பள்ளிக்கு வாத்தியாரா வந்தாரு. பருத்தியே வெச்சு வெச்சு ஓஞ்சு போன காடு அது. தட்டை போடுங்க, மண்ணு தேறும்னு ஏழைக் குடியானவங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு. அதை எப்படிச் சமைக்கறதுன்னும் எழுதிக் குடுத்தாரு. கார்வர்னா நிலக்கடலைன்னு மட்டும்தான் நாம படிச்சோம்.

விதையைக் காப்பாத்தறதுதான் இதுல பெரும்பாடு. வண்டு விழுந்தா ரெண்டு மாசத்துல மாவாயிரும். எங்கம்மா அடுப்புச் சாம்பல்ல புரட்டி, மொடாவுல போட்டு வாயைக் கட்டி வைப்பாங்க. ஆப்பிரிக்காக் கிராமத்துலயும் சாம்பல்தான் போடறாங்கன்னு படிச்சப்ப கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

அம்மா படுத்த படுக்கையான வருசம் சாம்பல் போட எனக்கு நெனப்பு வரலை. ஆடியில மொடாவைத் திறந்தா அத்தனையும் ஓட்டை. செவப்புல வெள்ளைப் புள்ளி போட்ட பயறு அது, பாட்டி காலத்து விதை. கடையில கேட்டேன், இல்லை. அம்மாகிட்ட சொல்லவே இல்லை. அவங்க போய் மூணாம் வருசம், அக்கா ஊருக்கு ஒரு விசேசத்துக்குப் போனப்ப, புறக்கடைப் படல்ல அதே காய் தொங்குது. கண்ணாலம் ஆகிப் போறப்ப அம்மா முந்தானையில முடிஞ்சு குடுத்ததாம். 

அரைப்படி வாங்கிட்டு வந்தேன். இப்ப வேலியில நிக்கறது அதுதான். மொதல் ஈட்டு நெத்தை விதைக்கு விட்டுட்டேன். வீட்டுல சாம்பலுக்குத்தான் பஞ்சம், எல்லாம் கேஸ் அடுப்பு. பக்கத்துத் தோட்டத்துல வெந்நி அடுப்பு எரியுது, சொல்லி வெச்சிருக்கேன்.