அறியாமை என்னும் சமாதானம்: யாழ்ப்பாணத்துத் தீண்டாமையும் விளக்கம் கூறும் சுமையும்

யாழ்ப்பாணச் சமூகத்தின் தீண்டாமையை ஆராயப் புகுவோரிடையே ஒரு நம்பிக்கை ஆழ வேரூன்றியுள்ளது. சாதிக்கொடுமை அறியாமையின் பாற்பட்டது, ஒடுக்கப்பட்டோர் தமது துன்பத்தைப் பொறுமையுடன் எடுத்துரைப்பின் ஏனையோர் மனந்திருந்துவர் என்பதே அது. முற்போக்காளராகிய நாமும் இதற்கு விதிவிலக்கல்ல. ‘அவர்களே வந்து சொல்லட்டும்’ என்று மேடையில் இடம் ஒதுக்குவதைச் சனநாயகப் பண்பாகவே கருதிவந்துள்ளோம். இந்நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டா என்பதே ஈண்டு எமது வினா.

ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல், தேசவழமை தொகுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி அதனைத் தொகுக்க, அதன் தமிழ் வடிவத்தை 12 முதலிமார் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். சீதனம், முதுசம், ஈடு ஆகியவற்றோடு அடிமைகள் பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றன. பள்ளரும் நளவரும் அவ்விதிகளுள் பெயர் சுட்டப்பட்டனர். அதாவது, யாழ்ப்பாணத்து நயினார்மார் தமது ஒடுக்குமுறையை அறியாதவர்களல்லர்; அந்நிய ஆட்சியாளர் எழுதிக்கொண்டதைச் சரிபிழை பார்த்துக் கொடுக்குமளவுக்கு அதனை அறிந்திருந்தனர். இத்துறையில் முதற் சாட்சியம் உடைமையாளரின் சாட்சியமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் காணியும் கிணறும் பனையும் பெரும்பாலும் பழைய கைகளிலேயே தங்கின. ஆகவே பழைய அறிவும் அழியவில்லை. எவர் படலையோடு நிற்கவேண்டும், எவர் முற்றம்வரை வரலாம், கிணற்றடியில் குடத்தை எங்கே வைத்துவிட்டு விலகிநிற்க வேண்டும், தண்ணீர் அள்ளி ஊற்றுபவர் கையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பவற்றை உயர்சாதி வீட்டுச் சிறுவன் எழுத்தறியும் முன்னரே பிழையறக் கற்றிருந்தான். அவனுக்கு இதனைப் போதித்தவர் ஒடுக்கப்பட்டோர் அல்லர்.

1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமையை வெளிப்படையாக எதிர்த்தது. அதன் நேர்மையை நாம் ஐயுறவில்லை. எனினும் 1929-30 காலப்பகுதியில் உதவிபெறும் பாடசாலைகளில் சமாசனம் நடைமுறைக்கு வந்தபோது நிகழ்ந்தது யாது? அதுவரை நிலத்தில் இருந்த பிள்ளை வாங்கில் ஏறி அமரவேண்டியிருந்தது. கட்டளையைப் பிறப்பித்தவர் கந்தோரில் இருந்தார். அதனை நிறைவேற்றும் பொறுப்பு ஏழெட்டு வயதுப் பிள்ளையின் உடல்மீது விழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. சமாசனத்தை நீக்குமாறு அரசுக்கு விண்ணப்பம் எழுதியோர் எழுத்தறிவற்றவர்களல்லர்.

இதற்கு மறுதலையாக ஓர் உண்மையையும் இங்கே கூறவேண்டும். ஒடுக்கப்பட்ட மக்கள் தாமாகவே சாட்சியம் கூற முன்வந்த தருணங்களும் உள. 1940களில் இயங்கிய சிறுபான்மைத் தமிழர் மகாசபை சோல்பரி ஆணைக்குழுவின் முன் தமது மக்களின் நிலையை எடுத்துரைத்தது. அது கோரிக்கையோடு கூடிய சாட்சியம். எவரிடம், எதற்காகச் சொல்கிறோம் என்பதைச் சொல்பவர்களே தீர்மானித்தனர். எமது கூட்டங்களில் கேட்கப்படும் ‘அனுபவப் பகிர்வு’ இவ்வகையினதன்று.

1957இல் நிறைவேற்றப்பட்ட 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது இடங்களில் தடைசெய்வதைக் குற்றமாக்கியது. ஆனால், தடுக்கப்பட்டவனே பொலிஸ் நிலையம் சென்று, தான் தடுக்கப்பட்டதை மெய்ப்பித்தாகவேண்டிய நிலையில், அது நீண்டகாலம் பெரிதும் ஏட்டிலேயே கிடந்தது. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமுமே நிலைமையை மாற்றின. சங்கானையிலும் பிறவிடங்களிலும் தேநீர்க்கடைக்குள் நுழைந்தோர் எவருக்கும் விளக்கம் கூறச் செல்லவில்லை. உள்ளே சென்று இருந்தனர், தேநீர் கேட்டனர். அதற்காக உயிர்களும் பலியாயின.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தடையாக நின்றவரை எண்ணிப்பார்த்தல் வேண்டும். சி. சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்டில் கற்றவர். கணிதப் பேராசிரியராக விளங்கியவர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராக இருந்தவர். அவருக்கு இனி எந்தப் பாடத்தை யார் கற்பித்திருக்க முடியும்? 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அதுவே பொருத்தமான மொழி. வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தோரிடம், முதலில் நீராடுங்கள், மச்சம் விடுங்கள், பொறுத்திருங்கள் என உபதேசித்த நல்லெண்ணக்காரரும் அக்காலத்தில் இருந்தனர். அவர்களுடைய பொறுமைக்கு எல்லையே இருக்கவில்லை. அது பிறருடைய பொறுமையாதலால்.

இலக்கியத்துக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலியோரின் எழுத்துகளை இழிசனர் இலக்கியம் எனப் பண்டிதர் சிலர் எள்ளியபோது முற்போக்கு விமர்சனம் அவர்கள் பக்கம் நின்றது. அது பெருமைக்குரியதே. ஆயினும் 1972இல் டானியலின் ‘பஞ்சமர்’ வெளிவந்த பின் நாம் அதை எவ்வாறு வாசித்தோம்? ‘அனுபவச் செழுமை’ என்றோம், ‘வாழ்க்கை ஆவணம்’ என்றோம். போராட்டத்தை அமைத்தவர்களுள் ஒருவர் எழுதிய நாவலில் அரசியற் சிந்தனையைத் தேடுவதிலும் பார்க்க, எமக்குத் தெரியாத சேதிகளைத் தேடுவதிலேயே ஆர்வங் காட்டினோம். அனுபவம் அவர்களுக்கு, ஆய்வு எமக்கு என்ற வேலைப்பிரிவினை இவ்வாறு வழக்கமாயிற்று. மரணவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் குடிமை செய்ய அழைக்கப்பட்டோர் இப்போது கருத்தரங்குக்கும் அழைக்கப்படுகின்றனர். ஊதியமின்றிச் செய்யப்படும் இவ்விளக்கத்தையும் குடிமை ஊழியத்தின் நீட்சியாகவே நாம் கொள்கிறோம்.

இவ்வாறு எழுதும் தகுதியை நாம் எளிதிற் பெறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ‘பஞ்சமர்’ பற்றிய கருத்தரங்கொன்றுக்குத் தலைமை வகித்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவரைப் பார்த்து, ‘தம்பி, உங்கள் ஊர் அனுபவத்தை எல்லோருக்கும் சொல்லுங்கள்’ என்றோம். அவருடைய குடும்பப் பின்னணியை நாம் அறிந்திருந்தோம், அவையினரும் அறிந்திருந்தனர். அவர் எழுந்து, “என்ர அப்பப்பா தேத்தண்ணிக் கடையிலை போத்திலிலைதான் குடிச்சவர், சேர். அது எனக்குத் தெரியும். உங்கட வீட்டிலை எங்கட ஆக்களுக்கெண்டு வைச்ச பேணி எங்கை கிடந்தது எண்டு எனக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்லவேணும்” என்று கூறிவிட்டு அமர்ந்தார். நாம் அடுத்த கட்டுரையாளரை அழைத்தோம்.

அன்றிரவு எமது தாயாரிடம் கேட்டோம். அவர் சற்றும் யோசிக்கவில்லை. கிணற்றடி வேலிக் கதியாலில் அது கொழுவியிருந்தது என்றார்; பிடி கழன்ற தகரப் பேணி; குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும்; மழைக்காலத்தில் அதனுள் எறும்பு கூடுகட்டும். இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் எமக்குச் சொல்லவில்லை என்றதற்கு, “ஒருத்தரும் கேக்கேல்லையே” என்றார்.