திருமேனியின் விலையும் மதிப்பும்

சோழர் காலச் செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் உருவானவை. திருமேனியை வெளிக்கொணர மண் அச்சை உடைத்தாக வேண்டும். ஆதலின் ஒன்றைப் போல் மற்றொன்று முற்றிலும் அமைவதில்லை. இத்தனித்தன்மையே அடையாளங்காட்டும் சான்றாகும்.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் ஆலயத்தில் களவுபோன நடராசப் பெருமானை, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994இல் எடுத்திருந்த நிழற்படம் உண்மையை உணர்த்தியது. 2014இல் பெருமான் தாயகம் திரும்பினார். அதே ஆலயத்து உமா பரமேசுவரி திருமேனியை 2007இல் ஆறரை இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு வாங்கிய சிங்கப்பூர் ஆசிய நாகரிக அரும்பொருளகம், 2015இல் இந்தியாவிடம் ஒப்படைத்தது.

சந்தை இடும் விலை வேறு. அன்னை எழுந்தருளிய தலத்தின் உரிமை வேறு. நம் ஆலயத் திருமேனிகளையும் விளக்குகளையும் கவசங்களையும் அளவு, எடை, நிழற்படத்துடன் ஏட்டில் பதிந்து காப்பது நம் கடமையாகும்.