ஒரு கழுகு போன இடத்துல இன்னொரு கழுகு

யாருக்கும் தேவையில்லைன்னு நினைச்சு ஒரு பழைய கோடைத் தூக்கிட்டு, மூணு மாசம் கழிச்சு வேற எங்கயோ அடி வாங்கியிருக்கேன். கலிஃபோர்னியாவோட சேனல் தீவுகள் வரலாற்றைப் படிச்சப்போ அதுதான் ஞாபகம் வந்துச்சுங்க.

அங்க வெண்தலைக் கழுகுதான் ராஜா. சாப்பாடு மீனும் கடற்பறவையும். லாஸ் ஏஞ்சலஸ் கடல்ல கலந்த டிடிடி மீன் வழியா அதோட உடம்புல ஏறுச்சு. முட்டை ஓடு மெலிஞ்சு, அடைகாக்கும்போதே நொறுங்குச்சு. 1960கள்ல தீவுகள்ல ஒண்ணுகூட இல்லை.

1990கள்ல அந்தக் காலி இடத்துக்குப் பொன்னிறக் கழுகு குடியேறுச்சு. இதுவும் இறக்கையை விரிச்சா சுமார் 2 மீட்டர். ஆனா இது தரையில வேட்டையாடுற ஜாதி. சான்டா குரூஸ் தீவுல காட்டுப்பன்றிக் குட்டிங்க நிறைய. கூடவே பூனை சைஸ்ல தீவு நரி, உலகத்துல வேற எங்கயும் இல்லாத நரி! பக்கத்து சான் மிகேல் தீவுல 1999ல மிஞ்சினது வெறும் 15.

அப்புறம்தான் முழிச்சுக்கிட்டாங்க. 40க்கும் மேற்பட்ட பொன்னிறக் கழுகுகளைப் பிடிச்சுக் கரையில கொண்டுபோய் விட்டாங்க. பன்றிகளை ஒழிச்சாங்க. நரிகளைக் கூண்டுல வளர்த்துப் பெருக்கினாங்க. 2002லேர்ந்து வெண்தலைக் குஞ்சுகளையும் கொண்டுவந்தாங்க. 2006ல, 50 வருஷத்துக்கப்புறம் அங்கயே ஒரு குஞ்சு பொரிஞ்சுது. 2016ல வடக்குத் தீவு நரிகள் ஆபத்துப் பட்டியல்லேர்ந்து வெளிய வந்துச்சு.

பொன்னிறக் கழுகைக் குத்தம் சொல்ல மனசு வரலை. அது பசிக்குத்தான் வந்துச்சு. கதவைத் திறந்து விட்டது நாமதான்.