விளையாட்டான ஒரு மார்ச்

சிடி உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இப்படிப் போட்டிருக்கும்: ஷோஸ்டகோவிச், செல்லோ கான்செர்ட்டோ எண் 1, ஈ ஃப்ளாட் மேஜர், ஓபஸ் 107. முதல் பகுதி, அலெக்ரெட்டோ. பழக்கமில்லாதவர்களுக்கு ரயில்வே டைம்டேபிள் மாதிரிதான் இருக்கும். நம் வழக்கில் சொன்னால் அவ்வளவு கஷ்டமில்லை. ஈ ஃப்ளாட் என்றால் இரண்டரைக் கட்டை. மேஜர் என்றால் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். அலெக்ரெட்டோ என்றால் விறுவிறுப்பு உண்டு, ஓட்டம் இல்லை. (சுருதியும் 'கீ'யும் ஒன்றல்ல என்று வித்வான்கள் அடிக்க வருவார்கள். இப்போதைக்கு விட்டுவிடுங்கள் :-))

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கல்யாண வீட்டு இசை என்றுதான் தோன்றும். எழுதியவரும் அப்படித்தான் சொல்லி வைத்தார். 1959ல் ஒரு சோவியத் பத்திரிகை கேட்டபோது, முதல் பகுதி விளையாட்டான ஒரு மார்ச் போல அமைந்த அலெக்ரெட்டோ என்றார். புரோகோஃபியேவின் செல்லோ படைப்பைக் கேட்டுத்தான் இந்த ஆசை வந்தது என்பதையும் சொன்னார். குணம் பற்றி அதற்கு மேல் பிடி கொடுக்கவில்லை.

போட்டுக் கேட்டால் முதல் வரியிலேயே இடிக்கிறது.

செல்லோ எடுத்த எடுப்பில் வாசிப்பது நான்கே ஸ்வரங்கள். இரண்டரைக் கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அவை க, ரி, த, ப. காந்தாரம் சங்கராபரணத்துடையதுதான், பஞ்சமத்தில் பிரச்சினையே இல்லை. ஆனால் ரியும் தவும் சுத்த ஸ்வரங்கள், அதாவது அரை ஸ்வரம் இறங்கியவை. உங்கள் வீட்டில் சரளி வரிசை பாடும் குழந்தை இருந்தால் மாயாமாளவகௌளையின் ரியையும் தவையும் பாடச் சொல்லிப் பாருங்கள், அதேதான். இது ராகம் என்று நான் சொல்ல வரவில்லை. உறையில் மேஜர் என்று எழுதிவிட்டு நாலு ஸ்வரத்துக்குள் இரண்டைக் கீழே தள்ளிவிட்டார் என்பதுதான் விஷயம். அந்த நான்கும் அப்புறம் விடுவதே இல்லை. ஆறு நிமிஷமும் திரும்பத் திரும்ப, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி. ஆர்கெஸ்ட்ராவில் டிரம்பெட் கிடையாது, டிராம்போன் கிடையாது. பித்தளை வாத்தியம் என்று இருப்பது ஒரே ஒரு ஹார்ன். அது செல்லோவோடு கூடவே வரும் ஒற்றை ஆள்.

இந்த நான்கு ஸ்வரங்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1948ல் வந்த 'இளம் காவல்படை' என்ற படத்துக்கு ஷோஸ்டகோவிச் இசையமைத்தார். நாஜிகளிடம் பிடிபட்ட இளைஞர்களைக் கொலைக்களத்துக்கு நடத்திக் கொண்டுபோகும் காட்சிக்கு அவர் எழுதிய இசையின் சாயல்தான் இது என்று ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். ஆக, அதுவும் மார்ச்தான். ஆனால் விளையாட்டு எங்கே வந்தது?

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு 1936க்குப் போகவேண்டும். அந்த ஜனவரியில் 'பிராவ்தா' அவருடைய ஆபராவை, இது இசையே இல்லை, குழப்பம் என்று தலையங்கம் போட்டுக் கிழித்தது. ஸ்டாலின் அந்த ஆபராவைப் பார்த்துவிட்டுப் பாதியில் எழுந்து போன சில நாட்களில் வந்த தலையங்கம் அது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு தலையங்கம் வந்தால் விமர்சனம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வீட்டில் பெட்டி கட்டி வைப்பார்கள். 1948 பிப்ரவரியில் மறுபடியும். கட்சியின் தீர்மானத்தில் பெயர் வந்தது, மாஸ்கோ, லெனின்கிராட் இரண்டு கன்சர்வேட்டரியிலும் ஆசிரியர் வேலை போனது. பிழைப்புக்குக் கைகொடுத்தவற்றில் சினிமா இசை முக்கியமானது. அதாவது அந்தக் கொலைக்கள மார்ச் அதே வருஷத்தியது. ஸ்டாலின் 1953ல் இறந்தார், 1958ல் அந்தத் தீர்மானத்தையும் பாதி வாபஸ் வாங்கினார்கள். சூடுபட்டவருக்கு இதெல்லாம் போதுமா? பத்திரிகைக்காரரிடம் ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்.

1948ல் அவரிடம் ஆர்கெஸ்ட்ரேஷன் படித்துக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருவர் ரோஸ்ட்ரோபோவிச். ஷோஸ்டகோவிச் தனக்கு ஒரு செல்லோ கான்செர்ட்டோ எழுதித் தரவேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. வழி கேட்டதற்கு ஷோஸ்டகோவிச்சின் மனைவி நீனா சொன்ன யோசனை: அந்தப் பேச்சையே எடுக்காதே. எடுக்கவில்லை. நீனா 1954ல் காலமாகிவிட்டார். 1959 ஆகஸ்ட் 2ம் தேதி நோட்ஸ் ரோஸ்ட்ரோபோவிச் கைக்கு வந்தது, 6ம் தேதி அதை மனப்பாடமாக வாசித்துக் காட்டினார். நாலே நாள்! லெனின்கிராடில் அக்டோபர் 4ம் தேதி ம்ராவின்ஸ்கி நடத்த அரங்கேற்றம். நவம்பரில் பிலடெல்ஃபியாவில் ரெக்கார்டிங், ஷோஸ்டகோவிச்சும் கூடவே போயிருந்தார்.

மறு வருஷம், 1960 ஜூலையில், எட்டாவது குவார்ட்டெட்டை மூன்றே நாளில் எழுதினார். பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்களுக்குச் சமர்ப்பணம் என்று வெளியில் போட்டார்கள். நண்பர் கிளிக்மனுக்கு எழுதிய கடிதத்தில் வேறு கதை: நான் செத்தால் எனக்காக யாரும் எதுவும் எழுதப்போவதில்லை, அதனால் நானே எழுதிவிட்டேன் என்ற மாதிரி. தன் பெயரின் எழுத்துக்களை ஜெர்மன் முறையில் ஸ்வரமாக்கி அந்த குவார்ட்டெட் முழுக்கக் கோர்த்திருக்கிறார். அந்தப் பெயருக்குப் பக்கத்தில், நடுவில் ஓர் இடத்தில், வயலின்கள் எடுத்துக்கொள்வது இந்த கான்செர்ட்டோவின் அந்த 'விளையாட்டான' தொடக்கத்தைத்தான்.