ஐயம் குற்றமா?

மருந்துண்டு நோய் தீர்ந்தால், "மருத்துவரின் கைராசி" என்கிறது ஊர். மருந்துண்டு வேறொரு தீங்கு விளைந்தாலோ, "தலையெழுத்து" என்கிறது. அந்த ஒரு சொல்லோடு வழக்கு முடிந்துவிடுகிறது. விசாரணை இல்லை, பதிவு இல்லை, அடுத்தவருக்கு எச்சரிக்கையும் இல்லை. இந்த மௌனத்தின் விலை என்ன என்பதை வரலாறு நமக்குக் காட்டுகிறது.

1957 அக்டோபர். மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. தீங்கற்றது என்றனர், மருத்துவர் சீட்டின்றியே விற்றனர். குமட்டல் தீரக் கருவுற்ற தாய்மாரும் உண்டனர். பின்னர், கை குறைந்தும் கால் குறைந்தும் குழந்தைகள் பிறந்தன. காரணம் அறியாத தாய்மார் தம்மையே நொந்துகொண்டனர். மருத்துவர்களோ தத்தம் கண்ணிற்பட்ட ஒன்றிரண்டை அரிய நிகழ்ச்சி என்று எண்ணினர். அவற்றை ஒருங்கே சேர்த்துப் பார்க்க ஓர் ஏடு இல்லை!

1960 டிசம்பர் 31. பிரிட்டிஷ் மருத்துவ இதழில் லெஸ்லி ஃபுளோரன்ஸ் என்ற மருத்துவரின் சிறு கடிதம் வெளிவந்தது. நெடுநாள் தாலிடோமைடு உண்டவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறதே, மருந்துதான் காரணமோ என்று அவர் கேட்டார். அமெரிக்காவில் மருந்துகளுக்கு இசைவு வழங்கும் துறையில் இருந்த பிரான்சிஸ் கெல்சி அம்மையார் அதைப் படித்தார். நரம்பைத் தாக்கும் மருந்து கருவை என்ன செய்யும்? சான்று கொணர்க என்றார். நிறுவனம் நெருக்கியது, அம்மையார் நெகிழவில்லை. அமெரிக்காவில் அம்மருந்து கடைக்கு வரவேயில்லை.

1961 நவம்பரில் ஹாம்பர்க் நகர மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ், பெற்றோரை நேரில் கண்டு விசாரித்து, தம் ஐயத்தை வெளியிட்டார். அம்மாத இறுதியிலேயே ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்பிரைடும் லான்செட் இதழுக்கு எழுதினார். அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டனர்.

அந்தக் கண்ணீர் புகட்டிய பாடந்தான் 1964இல் பிரிட்டன் கண்ட மஞ்சள் அட்டை. சடங்குக்குரிய மஞ்சளன்று, தோழர்களே, சாவைத் தடுக்கும் மஞ்சள்! மருந்தால் தீங்கு நேர்ந்ததென்று ஐயம் எழுந்தாலே மருத்துவர் அதில் எழுதலாம். மெய்ப்பித்துக் காட்ட வேண்டியதில்லை. பல இடத்து ஐயங்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் உண்மை தலைகாட்டும். வெறும் தற்செயல் என்றால் அதுவும் தெளிவாகும். 1968இல் உலக நல நிறுவனம் இம்முறையைப் பல நாடுகளுக்குமாக இணைத்தது.

இந்தியாவில் 2010இல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கிற்று. இதயத் துடிப்புக் கருவி, செயற்கை மூட்டு போன்ற மருத்துவச் சாதனங்களின் கோளாறுகளைப் பதிய 2015இல் தனித் திட்டம் வந்தது. மருத்துவர் மட்டுமல்ல, செவிலியர் எழுதலாம், நோயாளியும் எழுதலாம்.

மருந்தே வேண்டாம் என்போமா? அது அறிவாகாது. அதே தாலிடோமைடு இன்று தொழுநோயின் கடும் வீக்கத்துக்கும் ஒருவகைப் புற்றுநோய்க்கும், கடுங்காவலின் கீழ், பயன்படுகிறது. தீங்கை அறிந்ததனால்தான் நன்மையையும் பெற முடிந்தது.

ஆகவே, நம் வீட்டில் ஒருவருக்கு மருந்தால் கேடு என்று தோன்றினால், மருந்தின் பெயரையும், உண்ட நாளையும், நேர்ந்ததையும் குறித்து வைப்போம், மருத்துவரிடம் கூறுவோம், பதியும்படி கேட்போம். கேட்பது மருத்துவரை இகழ்வதாகாது. ஐயம் குற்றமன்று, ஐயத்தை விழுங்கிவிட்டு விதியின் மீது பழி போடுவதே குற்றம். நாம் எழுதும் ஒரு வரி, நாம் காணாத ஒரு தாயின் குழந்தையைக் காக்கக்கூடும்.